தடித்த காபெட்டில் வக்கியூம் ஏன் திணறுகிறது?

இந்தக் கைநூலில் காபெட்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் யோசிக்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்று எத்தனையோ வேலைகள் முன்னால் நிற்கும்போது தரைவிரிப்பைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? ஆனாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வந்து குடியேறும் குடும்பத்துக்கு அது மூன்று வழிகளில் குறுக்கே வருகிறது. தளபாடங்களோடு வாடகைக்குக் கிடைக்கும் தொடர்மாடி வீடுகளில், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் விரித்துவிட்டுப் போன காபெட் முன்னறையில் கிடக்கும். வீட்டை விடும்போது முற்பணத்தில் கைவைப்பதற்கு முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் அதுதான். இரண்டாவது, குடும்பத்தில் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் வேலை வீடு, அலுவலகம், ஹோட்டல் ஒன்றில் துப்புரவு வேலையாக இருக்கலாம். மூன்றாவது, உறவினர் ஒருவர் தன் பழைய காபெட்டை “புதுசு மாதிரித்தான் கிடக்கு, கொண்டுபோங்கோ” என்று அன்போடு தந்துவிடுவார்.

1983 ஆடியில் வெள்ளவத்தையை விட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் தரை பெரும்பாலும் சிவப்புச் சீமெந்து. பொலிஷ் போட்டு, தேங்காய்ப் பொச்சைக் காலுக்குக் கீழே வைத்துத் தேய்த்தால் முகம் தெரியும். தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்களுக்குத் தரை என்றால் பாய் விரிக்கும் இடம். இவர்களுக்குக் காபெட்டே புதிது. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருந்து வருபவர்களுக்குக் காபெட் பழக்கம்தான், ஆனால் கொழும்புக் காற்றில் காபெட் எப்படி நடந்துகொள்ளும் என்பது பழக்கமில்லை. இரண்டு தரப்பினரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்: தடித்த, மென்மையான காபெட்டின் மேல் வக்கியூம் கிளீனரை வைத்தவுடன் அது ஒட்டிக்கொள்கிறது. தள்ளினால் போகாது, இழுத்தால் காபெட்டும் சேர்ந்து வருகிறது. இயந்திரம் கீச்சென்று கத்துகிறது. பத்து நிமிடத்தில் தோள்மூட்டு நோகும், இயந்திரம் சுடும், தூசியோ அப்படியே இருக்கும்.

இது உங்கள் பலவீனம் அல்ல. இயந்திரம் பழுது என்பதும் பெரும்பாலும் உண்மையல்ல.

காற்றுத்தான் தூசியைத் தூக்குகிறது

வக்கியூம் கிளீனருக்குள் ஒரு விசிறி இருக்கிறது. அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள, வெளிக்காற்று அந்த இடத்தை நிரப்பத் தலைப்பகுதி வழியாக விரைந்து உள்ளே வருகிறது. அந்தக் காற்றோட்டம்தான் தூசியையும் மணலையும் தூக்கிக்கொண்டு போகிறது. அதாவது உறிஞ்சுவதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ, அவ்வளவு காற்றும் வேண்டும். வெறும் டைல்ஸ் தரையிலும் மெல்லிய காபெட்டிலும் தலைப்பகுதியின் ஓரங்களில் சிறு இடைவெளி இருக்கும், காற்று அதனால் நுழையும்.

தடித்த மென்காபெட்டில் தலை உள்ளே புதைகிறது. சுற்றியுள்ள இழைகள் ஓரங்களை மூடிவிடுகின்றன. காற்றுக்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் வளிமண்டலம் தலையைக் கீழே அமுக்குகிறது. சாதாரண வீட்டு இயந்திரம் ஒன்றின் தலை முழுதாக அடைபட்டால், அதன் மேல் பத்துப் பதினைந்து கிலோ அரிசி மூடையை வைத்ததுபோல இருக்கும். நீங்கள் தள்ளப் பாடுபடுவது அந்த மூடையைத்தான்.

அந்தக் கீச்சுச் சத்தத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். சத்தம் உயர்ந்தால் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது எதிர்மாறு. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறி பாரமில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது, அதுதான் அந்தச் சத்தம். பல இயந்திரங்களில் மோட்டார் சூடாறுவதும் அதே காற்றினால்தான். காற்று நின்றால் மோட்டார் சுடும். புதிய இயந்திரமாக இருந்தால் தானாகவே நின்றுவிடும். அப்போது அடித்துத் தட்டிப் பார்க்காமல், பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். பழைய இயந்திரத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்காது. நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே “இன்னும் பவர் கூடின மெஷின் வாங்கவேணும்” என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். 2010ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிதாகக் கிளம்பியது. அங்குள்ள காபெட் ஆலைகள், மயிரிழையை விட மெல்லிய நார்களை நெருக்கமாகச் சேர்த்துத் தொட்டால் பஞ்சுபோல இருக்கும் காபெட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நார் மெல்லிதாக ஆக, ஒரே அளவு இடத்தில் அதிக நார் அடங்கும், காற்றுப் புகும் இடம் குறையும். வாங்கியவர்கள் வீட்டிலிருந்த இயந்திரம் அதன் மேல் நகரவே மறுத்தது. கடைசியில் காபெட் உற்பத்தியாளர்களே எப்படிப்பட்ட இயந்திரம் வேண்டும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டி வந்தது. அவர்கள் கேட்டது அதிக பலத்தை அல்ல. தலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியவேண்டும், காற்று தடையின்றி ஓடவேண்டும், இழைக்குள் புதையாதபடி சக்கரங்கள் பெரிதாக இருக்கவேண்டும் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வீட்டு வக்கியூம்களின் மின்வலுவை 1600 வாட்ஸுக்கும், 2017இல் 900 வாட்ஸுக்கும் மட்டுப்படுத்தியதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்ஸ் எண்ணிக்கை இயந்திரம் தின்னும் மின்சாரத்தைச் சொல்லும். அது எவ்வளவு தூசியை எடுக்கும் என்பதைச் சொல்லாது.

முதலில் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள்

வாடகை வீட்டு அலுமாரியில் உரிமையாளரின் வக்கியூம் ஒன்று கிடந்தால், அதைக் கடைசியாக யார் சுத்தம் செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. பையோ தூசிக் கிண்ணமோ மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருந்தாலே காற்று குறைந்துவிடும். கொட்டுங்கள். குழாயைக் கழற்றி ஒரு முனையில் வெளிச்சம் பிடித்து மறுமுனையில் பாருங்கள். பிள்ளையின் சொக்ஸ், தலைமயிர்ச் சுருள், நாணயம் எல்லாம் வளைவில்தான் மாட்டியிருக்கும். கழுவக்கூடிய வடிகட்டியாக இருந்தால் தண்ணீரில் அலசுங்கள். கைநூல்களில் 24 மணித்தியாலம் காயவிடச் சொல்லியிருக்கும். அது குளிர்நாட்டுச் சூடான வீட்டுக்கு எழுதியது. வைகாசி தொடங்கும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே இரண்டு மூன்று நாளும் எடுக்கும். ஈர வடிகட்டியைப் போட்டால் ஒரு கிழமையில் வீடெல்லாம் ஊத்தை மணக்கும், மோட்டாருக்கும் ஆபத்து.

அடுத்ததாகக் கைபிடிக்கு அருகே குழாயில் ஒரு சிறு ஜன்னலையோ சுழலும் வளையத்தையோ தேடுங்கள். அதைத் திறந்தால் அவ்வழியே கொஞ்சம் காற்று உள்ளே வந்து, தலையின் பிடி தளரும். தடித்த காபெட்டுக்கு இதுதான் மருந்து. பல வீடுகளில் “இங்காலை காத்து லீக் ஆகுது” என்று அதை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். டேப்பை உரித்துவிடுங்கள். முதலில் முழுதாகத் திறந்து வைத்துத் தொடங்கி, தலை இலகுவாக நகரும் எல்லை வரை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆளி இருந்தால் அதையும் நடுவிலோ குறைவிலோ வையுங்கள்.

தலையில் காலால் மிதிக்கும் நெம்பு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் மிதித்தால் தூரிகை மயிர் வெளியே வரும், மறுபக்கம் மிதித்தால் உள்ளே போகும். வெளியே இருப்பது வெறும் தரைக்கு, உள்ளே இருப்பது காபெட்டுக்கு என்று படம் போட்டிருக்கும். சாதாரண காபெட்டுக்கு அது சரி. தலை புதையும் காபெட்டில் படத்தை மறந்துவிட்டு, தூரிகையை வெளியே விட்டுப் பாருங்கள். அந்த மயிர் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் ஓரத்தால் காற்று நுழையும்.

மோட்டாரில் சுழலும் உருளைத் தூரிகை உள்ள இயந்திரமாக இருந்தால் உயரத்தை மிகக் கூடிய நிலையில் வைத்துத் தொடங்குங்கள். தூரிகை இழை நுனியைத் தொட்டும் தொடாமலும் உரசும் சத்தம் கேட்கும் வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். அதற்குக் கீழே வேண்டாம். நீண்ட இழைகள் சடைபோலத் தொங்கும் காபெட் என்றால் உருளையை நிறுத்திவிட்டு உறிஞ்சலை மட்டும் பாவியுங்கள். இல்லாவிட்டால் இழை உருளையில் சுற்றிக்கொள்ளும், பட்டி வழுக்கிச் சூடேறும், றப்பர் எரியும் மணம் வரும். அந்த மணம் வந்தவுடன் ஆளியை நிறுத்துங்கள்.

கையை எப்படி ஓட்டுவது

வேகமாக முன்னும் பின்னும் தேய்ப்பதில் பயனில்லை. முன்னால் தள்ளும்போது தலை மேலும் புதையும், இழுக்கும்போதுதான் தூசி வரும். ஆகவே தலையை லேசாகத் தூக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, உங்களை நோக்கி மெதுவாக இழுங்கள். ஒரு இழுவைக்கு நான்கைந்து விநாடி. அடுத்த இழுவை முந்தியதன் பாதியை மூடிப் போகட்டும். அறையின் மூலையிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்குங்கள், சுத்தம் செய்த இடத்தை மிதிக்கத் தேவையிருக்காது. பிறகு நேரமிருந்தால் குறுக்குத் திசையில் ஒருமுறை. கடைசி இழுவைகளை எல்லாம் ஒரே பக்கமாக முடித்தால் இழை ஒரே பக்கம் படுத்து, காபெட் புதிதுபோலத் தெரியும். வாடகை வீட்டைப் பார்க்க உரிமையாளரின் ஆள் வரும் நாளில் இது உதவும்.

முழு அறையையும் தினமும் செய்ய வேண்டியதில்லை. வாசலிலிருந்து கதிரை வரை, கதிரையிலிருந்து குசினி வரை நடக்கும் பாதைகளில்தான் மணல் சேரும். அந்தப் பாதைகளைக் கிழமைக்கு இரண்டு தரமும் மற்ற இடங்களை ஒரு தரமும் செய்தால் போதும். மரீன் டிரைவ் பக்கத்து வீடுகளில் கடற்கரை மணலும், காலி வீதிப் பக்கத்தில் வாகனக் கரியும் காலோடு உள்ளே வரும். கரி பஞ்சு இழையில் பிடித்தால் வக்கியூமால் போகாது. வாசலுக்கு வெளியே ஒரு தும்புக் கால்மிதி போடுவதும், செருப்பை வெளியே கழற்றும் நம்முடைய பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருப்பதும் எந்த இயந்திரத்தையும் விடப் பெறுமதி.

சுருட்டி எடுக்கக்கூடிய காபெட் என்றால் இன்னும் இலகுவான வழி உண்டு. அதைக் கவிழ்த்து டைல்ஸ் தரையில் போட்டு, பின்பக்கத்தில் வக்கியூமை ஓட்டுங்கள், அல்லது கையால் தட்டுங்கள். அடியில் இறங்கிய மணல் தரையில் கொட்டும். காபெட்டைத் தூக்கிவிட்டுக் கூட்டி எடுங்கள். முதல் தடவை எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தால் அதற்குப் பிறகு நீங்கள் காபெட்டில் பிள்ளையைப் படுக்கவிடமாட்டீர்கள். மாடிச் சுவரில் தொங்கவிட்டு அடிப்பதானால், கீழ்மாடிக்காரர் உடுப்புக் காயப்போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள். தொடர்மாடியில் அயலவரோடு முதல் சண்டை இப்படித்தான் தொடங்கும்.

தும்புத்தடியால் மென்காபெட்டைக் கூட்டாதீர்கள். தும்பு முரடு, மெல்லிய நாரை இழுத்துச் சிலும்பவைக்கும். தலைமயிர் எடுக்க, பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் தடவினால் உருண்டையாகச் சேர்ந்து வரும்.

நம் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள். விபூதி, கோலமா, குழந்தைப் பவுடர் போன்ற நுண்ணிய தூள்கள் வடிகட்டியின் கண்களை அடைத்துவிடும், மலிவான பையென்றால் பின்பக்கத்தால் வெளியேறி அறை முழுதும் பரவும். குங்குமம் கொட்டினால் தேய்க்காமல், ஈரத்துணியும் போடாமல், தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் முனையால் மேலே பிடித்து எடுங்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கும். சாம்பிராணித் தட்டின் சாம்பல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் வக்கியூமால் எடுக்கவே வேண்டாம். உள்ளே ஒரு தணல் இருந்தால் காற்றுப் பட்டுப் பையில் தீப்பிடிக்கும். நாற்றம் போக அப்பச்சோடா தூவச் சொல்வார்கள். தடித்த காபெட்டில் தூவியதில் பாதி திரும்பி வராது.

கொழும்பின் ஈரமும் பிள்ளைகளின் மூச்சும்

கடலோரக் காற்றின் ஈரம் காபெட்டுக்குள் இறங்கித் தங்குகிறது. தூசிச் சிற்றுண்ணி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உயிரி வளர்வதற்கு ஈரமும், நம் தோலிலிருந்து உதிரும் துகளும் போதும். அதன் கழிவு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பக்கூடியது. வக்கியூம் அந்தக் கழிவில் ஒரு பகுதியை எடுக்கும், ஆனால் உயிரோடிருக்கும் சிற்றுண்ணி நாரைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எளிதில் வராது. வெயிலும் வறட்சியுமே அதற்கு எமன். எடுக்கக்கூடிய காபெட்டை மழையில்லாத நாளில் முற்பகல் தொடங்கி நான்கைந்து மணித்தியாலம் மொட்டைமாடியில் பின்பக்கம் மேலே தெரிய விரியுங்கள். வக்கியூம் போடும்போது ஜன்னல்களைத் திறந்து, இழுப்பு உள்ள பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பி, முடிந்த பின்னும் அரை மணித்தியாலம் உள்ளே விடாமல் இருங்கள். இயந்திரத்தின் பின்பக்கத்தால் வரும் காற்றில் நுண்தூசி மிதந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தடித்த காபெட்டின் அடி காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். ஈரக் காபெட்டில் சாதாரண வக்கியூமை ஓட்டினால் மின்சாரம் தாக்கக்கூடும், அதற்கென்று வேறு வகை இயந்திரம் இருக்கிறது.

களனி கங்கை பெருகும்போது கொழும்பின் வடக்குப் பகுதிகளில் தாழ்ந்த இடங்களுக்குத் தண்ணீர் வருவதை 2016 மே வெள்ளத்தில் எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்தண்ணீர் மலசலகூடக் கழிவையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். அதில் நனைந்த தடித்த காபெட்டைக் காப்பாற்ற முயலாதீர்கள். சுத்தமான தண்ணீரில் நனைந்ததும்கூட 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் முழுதாகக் காயாவிட்டால் வெளியே போடவேண்டியதுதான். உரிமையாளரின் பொருள் என்றால் போடுவதற்கு முன் படமெடுத்து அனுப்பி, அவருடைய பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம்

வெளிநாட்டிலிருந்து வக்கியூம் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். இலங்கையில் 230 வோல்ட். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதேதான், ஆனால் பிளக் வேறு. கனடாவில் 120 வோல்ட். அந்த இயந்திரத்தை இங்கே நேராகச் செருகினால் சில விநாடியில் புகைந்துவிடும். அதற்குத் தகுந்த மின்மாற்றி பாரமானது, விலையும் அதிகம். விட்டுவிட்டு வாருங்கள். தகட்டில் 100–240 என்று எழுதியிருக்கும் சார்ஜரோடு வரும் கம்பியில்லா இயந்திரம் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பிளக் மாற்றி ஒன்று போதும். ஆனால் தடித்த காபெட்டில் அதன் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும்.

இங்கே இப்போது நியமமாக உள்ளது 13 அம்பியர் சதுர முள் பிளக். உருண்டை முள் பிளக்கைச் சதுரத் துளைக்குள் ஏற்ற, மேல் துளைக்குள் பேனை முனையை விட்டு மூடியைத் திறக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுவார்கள். 1400 வாட்ஸ் இயந்திரம் ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் குதையிலோ, மெல்லிய நீட்டிப்பு வயரிலோ போட்டால் வயர் சுடும். செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: அதே இயந்திரம் அரை மணித்தியாலத்துக்கு 0.7 அலகுதான் எடுக்கும்.

முற்பணம் காபெட்டில் போகாமல் இருக்க

திறப்பு வாங்கும் நாளிலேயே, தளபாடங்களை நகர்த்தி, காபெட்டின் நான்கு மூலைகளையும் நடுப்பகுதியையும் கறைகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அன்றைக்கே உரிமையாளருக்கோ தரகருக்கோ வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திகதி அதிலேயே பதிவாகிவிடும். ஒப்பந்தத்தில் காபெட் எந்த நிலையில் கையளிக்கப்பட்டது, துப்புரவுச் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நடந்து நடந்து இழை படிவது இயல்பான தேய்மானம். ஸ்திரிகைப் பெட்டி சுட்ட அடையாளம் சேதம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கடைசி நாளில் பேசினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும்.

எங்களைக் கேட்டால், முடிந்தவரை அந்தக் காபெட்டோடு வாழாமல் இருக்கவே சொல்வோம். சுவருக்குச் சுவர் ஒட்டாத காபெட் என்றால் வீடு பார்க்கும் அன்றைக்கே மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, பிள்ளைக்கு இழுப்பு இருக்கு. இந்தக் காபெட்டைச் சுத்தம் செய்து சுருட்டித் தாறம், உங்கட பக்கம் எங்கையாவது வைக்கேலுமோ?” பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் காபெட் பழுதாகாமல் கிடைப்பது நல்லதுதானே. உங்களிடமே வைத்திருக்க வேண்டி வந்தால், நன்றாக வக்கியூம் போட்டு, வெயிலில் காயவிட்டு, இழை உள்பக்கம் வரச் சுருட்டி, பழைய பருத்திச் சேலையால் சுற்றுங்கள். பிளாஸ்ரிக்கில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். நிலத்தில் படுக்கப்போடாமல் இரண்டு பலகைக்கு மேல் வையுங்கள். உறவினர் தரும் காபெட்டுக்கு வேண்டாம் என்று சொல்வதுதான் கடினம். வீட்டில் இடமில்லை என்று சொல்லுங்கள், கொழும்பில் அதை யாரும் நம்புவார்கள்.

வேலை இடத்தில்

துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டிலோ ஹோட்டலிலோ நீங்கள் காபெட்டைத் தெரிவு செய்ய முடியாது. ஆனால் முதல் நாள் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேற்பார்வையாளரிடம் அல்லது வீட்டுக்கார அம்மாவிடம் இயந்திரத்தின் உயரத்தை எங்கே மாற்றுவது, காற்று ஜன்னல் எது, பை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். “தெரியாமல் வந்திட்டாள்” என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். கேட்காமல் ஓட்டி மோட்டாரை எரித்தால் அதன் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு வரும். இயந்திரம் ஏற்கெனவே சுடுகிறது, மணக்கிறது, பட்டி தளர்ந்திருக்கிறது என்று கண்டால் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒருவர் காதில் போட்டுவைத்து, முடிந்தால் தொலைபேசியில் எழுதியும் அனுப்புங்கள்.

தடித்த காபெட் போட்ட அறைக்கு வெறுந்தரை அறையை விட இரண்டு மடங்கு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு இத்தனை அறை என்று சொல்லும்போது எத்தனை அறையில் காபெட் இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. முதுகைக் குனிந்து தள்ளாமல், குழாயின் நீளத்தை உங்கள் உயரத்துக்கு இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை மாற்றுங்கள். குழாயை நீட்ட ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலும் நடுவில், கட்டைவிரல் படும் இடத்தில்.

இந்த வேலையில் தொடர விருப்பம் என்றால், ஹோட்டல் துறைக்கென என்.வி.கியூ. சான்றிதழ் கற்கைநெறிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் தமிழில் எந்தப் பிரிவுகள் இப்போது நடக்கின்றன என்பதை எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள், விண்ணப்பம் நிரப்பவும் அவர் உதவுவார். முகாமிலோ வெளிநாட்டிலோ செய்த துப்புரவு வேலைக்கு ஏதாவது கடிதம் கையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.